ஜப்பான் மொழி வகுப்பில் காசு கட்ட முதல்: திருகோணமலைக் கேள்வி பதில்

மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இன்று பதில். மொழி வகுப்பு, பரீட்சை, ஜப்பானில் உள்ள மொழிப் பள்ளி ஆகிய மூன்றைப் பற்றியும் விரிவாகச் சொல்வேன். மற்றவற்றுக்கு எங்கே விசாரிக்க வேண்டும் என்று மட்டும் காட்டிவிடுவேன்.

உவர்மலை, ஒரு தாய்: மகன் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறான். டவுனில் மூன்று இடத்தில் ஜப்பான் கிளாஸ் என்று போட் போட்டிருக்கிறார்கள். மூன்றிலும் மூன்று மாதத்தில் என்-5 என்கிறார்கள். எதில் சேர்ப்பது சேர்?

அம்மா, மாதக் கணக்கை விடுங்கள். மொத்தம் எத்தனை மணித்தியாலம் படிப்பிப்பார்கள் என்று கேளுங்கள். என்-5 என்பது ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பான் மொழித் தகுதிப் பரீட்சையின் ஆரம்பப் படி. ஒன்றும் தெரியாமல் தொடங்கும் பிள்ளைக்கு அதுவரை ஏறக்குறைய 150 மணித்தியால வகுப்பு வேண்டும். அடுத்த படியான என்-4க்கு மொத்தம் 300. கிழமைக்கு இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் 12 கிழமையில் 48 மணித்தியாலம்தான் வரும். தேவையானதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மூன்று மாதத்தில் முடிப்பதென்றால் கிழமைக்குப் பன்னிரண்டரை மணித்தியாலம் நடத்த வேண்டும். அப்படி நடத்துகிறார்களா என்று நேர அட்டவணையை வாங்கிப் பாருங்கள்.

அடுத்தது புத்தகம். பல வகுப்புகள் 'மின்னா நோ நிஹொங்கோ' வைத்து நடத்துகின்றன. முதல் பாகத்தில் 25 பாடம், இரண்டாம் பாகத்தில் 25 பாடம். முதல் 25 ஏறத்தாழ என்-5, ஐம்பதும் முடிந்தால் என்-4. ஒழுங்காக ஒரு பாடம் முடிய ஐந்து, ஆறு மணித்தியாலம் எடுக்கும். "போன வருடத்துப் பிள்ளைகள் எத்தனையாம் பாடத்தில் நிறுத்தினார்கள்?" என்று கேளுங்கள். பாட எண்ணைச் சட்டென்று சொன்னால் நல்லது. "எல்லாம் கவர் பண்ணுவோம்" என்று பதில் வந்தால் எழும்பி வந்துவிடலாம்.

ஆசிரியர் என்-2 அல்லது அதற்கு மேல் சித்தியடைந்தவரா, அல்லது ஜப்பான் மொழியில் பட்டம் பெற்றவரா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நேற்று என்-4 எடுத்தவர் இன்று என்-5 வகுப்பு நடத்துவது நடக்கிறது. அவருக்கு விடை தெரியும், ஆனால் பிள்ளை ஏன் பிழைவிட்டான் என்று சொல்லத் தெரியாது.

இதற்கும் மேலாக ஒன்று சொல்கிறேன். அங்கே இரண்டு மாதம் படித்த ஒரு பிள்ளையின் கொப்பியை வாங்கித் திறந்து பாருங்கள். ஹிரகானாவிலும் கட்டகானாவிலும் எழுதியிருந்தால் வகுப்பு நடக்கிறது. பக்கம் முழுக்கத் தமிழ் எழுத்திலோ இங்கிலிஷ் எழுத்திலோ ஜப்பான் சொற்கள் இருந்தால் அந்த வகுப்பு வேண்டாம். இரண்டு எழுத்து முறைக்கும் அடிப்படையாக 46, 46 எழுத்துகள். மூன்றாம் கிழமைக்குப் பிறகு வேறு எழுத்தில் எழுதவிடக் கூடாது. காரணம் கீழே வரும்.

கடைசியாக: வகுப்புக் காசு வேறு, வேலைக்கு அனுப்பக் கேட்கும் காசு வேறு. இரண்டையும் ஒரே ரிசீட்டில் எழுதும் இடத்தில் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

நிலாவெளி, ஹோட்டலில் வேலை: எத்தனை மாதத்தில் ஜப்பான் போகலாம் அண்ணா?

மேலே உள்ள மணித்தியாலக் கணக்கைப் பாருங்கள் தம்பி. தொழில் வழிக்கு என்-4 மட்டம் வேண்டும். கிழமைக்கு 10 மணித்தியாலம் என்றால் 30 கிழமை. அதற்குப் பிறகுதான் தொழில் திறன் பரீட்சை, நேர்முகம், கடதாசி வேலை எல்லாம்.

கிண்ணியா, மாணவன்: அஸ்ஸலாமு அலைக்கும் சேர். ஒன்லைன் வகுப்பா, நேரில் போவதா? இங்கிருந்து டவுனுக்குப் போய் வரவே நேரம் போய்விடுகிறது.

வஅலைக்கும் ஸலாம் தம்பி. ஒன்லைன் தாராளமாகச் செய்யலாம், ஆனால் ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று பாருங்கள். ஜப்பானில் மொழிப் பள்ளிகளுக்கு ஒரு வகுப்பில் 20 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி. ஸூமில் 80 பேரை வைத்து நடத்துவது வகுப்பில்லை, பார்த்துக்கொண்டிருப்பது. ஒரு மணித்தியாலத்தில் நீங்கள் எத்தனை தடவை வாய் திறந்தீர்கள் என்று எண்ணுங்கள். ஐந்துக்குக் குறைந்தால் மாறுங்கள். பதிவுசெய்த வீடியோ, பாடத்தைத் திருப்பிப் பார்க்க மட்டும்தான் உதவும்.

மூதூர்: என்-4 எடுப்பதா, ஜே.எஃப்.டி. பேசிக் எடுப்பதா? வகுப்பில் ஒருவர் ஒன்று சொல்கிறார், மற்றவர் வேறு சொல்கிறார்.

இரண்டும் ஜப்பான் மொழிப் பரீட்சைதான். எந்த வழியால் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2019 ஏப்ரலில் ஜப்பான் தொடங்கிய 'தொகுத்தெய் கினோ' என்ற தொழில் விசாவுக்கு இரண்டில் எது இருந்தாலும் போதும். மேலே படிக்கவோ வேறு வேலைக்கு மாறவோ எண்ணம் இருந்தால் ஜே.எல்.பி.டி.தான் நாளைக்கும் உதவும்.

ஜே.எல்.பி.டி. உலகளவில் ஜூலை, டிசம்பர் என்று வருடத்தில் இரண்டு தடவைதான். பதிவு சில மாதங்கள் முன்பே மூடிவிடும். என்-4இல் 180க்கு 90 எடுத்தால் சித்தி. ஆனால் கேட்டல் பகுதியில் 60க்கு 19உம், மொழி அறிவும் வாசிப்பும் சேர்ந்த பகுதியில் 120க்கு 38உம் தனித்தனியாக எடுக்க வேண்டும். மொத்தம் 110 எடுத்தும் கேட்டலில் 17 என்றால் சித்தியில்லை. கேட்டலுக்கு நேரம் ஒதுக்காத வகுப்புகளில் பிள்ளைகள் விழுவது இங்கேதான். ஒலிப்பதிவு ஒரு தடவைதான் ஓடும். ஆகவே ஸ்பீக்கர் இல்லாத வகுப்பறை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

ஜே.எஃப்.டி. பேசிக் கணினியில், 60 நிமிடம். 250க்கு 200 வேண்டும். பரீட்சை முடிந்தவுடன் புள்ளி திரையிலேயே தெரியும். அன்றாடப் பேச்சும் வேலையிடத்துச் சூழ்நிலையும்தான் கேள்வியாக வரும். இதற்கு 'இரோதொரி' என்ற புத்தகம் பொருத்தம். ஜப்பான் பவுண்டேஷன் வெளியிட்டது, இணையத்தில் ஒலியோடு இலவசம். அதன் பிரதியை உங்களுக்குக் காசுக்கு விற்றால், அந்த இடத்தைப் பற்றி வேறொன்றும் கேட்க வேண்டியதில்லை.

முதியோர் பராமரிப்பு என்றால் இவற்றோடு பராமரிப்பு ஜப்பான் மொழிப் பரீட்சை ஒன்று தனியாக உண்டு: 15 கேள்வி, 30 நிமிடம். அதன் சொற்கள் சாதாரண வகுப்பில் வராது. அதற்கென்று மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று சேர முதலே கேளுங்கள்.

வகுப்பு தானே அச்சடித்துத் தரும் "என்-4 மட்டம்" சான்றிதழ் எந்த விசாவுக்கும் செல்லாது.

சாம்பல்தீவு: ஜப்பான் மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று அந்த நாட்டுப் பேராசிரியரே சொல்லியிருக்கிறார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் தாராளம் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். நீங்கள் 300 மணித்தியாலம் என்று பயப்படுத்துகிறீர்கள்.

பேராசிரியர் ஓனோ சுசுமு. தமிழுக்கும் ஜப்பான் மொழிக்கும் தொடர்பு உண்டென்று பல வருடம் எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. அந்த ஆய்வை வைத்து வகுப்பு நேரத்தைக் குறைக்க முடியாது.

பிறப்பு உறவு வேறு, அமைப்பு ஒற்றுமை வேறு. அமைப்பு ஒற்றுமை உண்மையாகவே இருக்கிறது. "நான் மூதூரிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போகிறேன்" என்பதை "வத்தாஷி வா மூதூர் கரா கண்டி ஏ பசு தே இக்கிமஸ்" என்று நம் சொல் வரிசையிலேயே சொல்லலாம். கரா என்றால் இருந்து, ஏ என்றால் க்கு, தே என்றால் இல். வினை கடைசியில். இன்னும் கிட்டப் போங்கள். "தபெத்தே மிமஸ்" என்றால் சாப்பிட்டுப் பார்க்கிறேன். மிரு என்பது பார்த்தல்தான். "கத்தே ஒக்கிமஸ்", வாங்கி வைக்கிறேன். ஒகு என்பது வைத்தல்தான். இங்கிலிஷ் வழியாகப் படிப்பவருக்கு இதைப் புரியவைக்க அரை மணித்தியாலம் போகும், தமிழில் ஒரு வசனம் போதும். இதைக் காட்டிப் படிப்பிக்கும் ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆனால் வா, கா என்ற இரண்டு உருபுக்கும் உள்ள வித்தியாசம் நம் மொழியில் இல்லை. கான்ஜி என்ற சீன வழி எழுத்துக்கும் தமிழுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என்-4க்கு ஏறக்குறைய 300 கான்ஜி, 1,500 சொல் வேண்டும். மணித்தியாலம் போவது அங்கேதான்.

சாம்பல்தீவு, மறுபடியும்: அம்மா, அப்பா என்றுகூட அவர்கள் அப்படியே சொல்கிறார்களே. உறவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

அது கொரிய மொழி. ஜப்பானில் ஒக்காசான், ஒத்தோசான்.

கந்தளாய்: இடையில் வருகிறேன் சேர். வினை கடைசியில் வருவது சிங்களத்திலும் அப்படித்தான். "கரலா பலனவா" என்றால் செய்து பார்க்கிறேன். தமிழ்ப் பிள்ளைகள் சிங்களத்தில் நடத்தும் ஜப்பான் வகுப்புக்குப் போனால் என்ன குறை? ஆசிரியர்களும் அங்கேதான் கூட.

சரியான பேச்சு. சிங்களம் நன்றாக விளங்கும் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு விஷயத்தில் அது கூடுதல் வசதியும்கூட. சிங்கள எழுத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு, தமிழில் ஒரே எழுத்து. பல்கலைக்கழகத்துக்கு ஜப்பான் சொல்லைத் தமிழில் எழுதினால் "தைகாகு". படிப்பை இடையில் விட்டு விலகுவதற்கான சொல்லும் தமிழ் எழுத்தில் "தைகாகு"தான். முதலாவதில் 'பந்து' என்பதில் வரும் மெல்லிய த, இரண்டாவதில் 'பத்து' என்பதில் வரும் வலிய த. தமிழில் சொல்லின் முதலில் வரும் த எப்போதும் வலிதாகவே வாயில் வரும். அதனால் நேர்முகத்தில் பல்கலைக்கழகம் என்று நினைத்துக்கொண்டு மற்றதைச் சொல்லிவிடுவார்கள். "கிதே குதசாய்" வாருங்கள், "கித்தே குதசாய்" வெட்டுங்கள். முதலாவதில் தமிழ் வாய் த-வை மெலித்துவிடும், ஜப்பானில் அது வலிது. கொப்பியில் தமிழ் எழுத்து வேண்டாம் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான். பிழை எழுத்தோடு ஒட்டி மனதில் இறங்கினால் பிறகு கழற்றுவது பெரும்பாடு.

நமக்கு வாய்ப்பான இடமும் உண்டு. குறில் நெடில் காது பிறப்பிலேயே இருக்கிறது. ஒபசான் என்றால் மாமி, ஒபாசான் என்றால் பாட்டி. தமிழ்ப் பிள்ளை இதில் தடுமாறாது.

சிங்களம் அரைகுறையாக விளங்கும் பிள்ளையை மட்டும் அனுப்பாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு மொழியோடு மல்லுக்கட்ட வேண்டி வரும்.

பாலையூற்று: சிங்கள வகுப்புக்குப் போனால் எத்தனை மாதத்தில் போகலாம்?

அதே 300 மணித்தியாலம்.

தம்பலகாமம்: மாணவர் விசாவில் ஜப்பானில் உள்ள மொழிப் பள்ளிக்கே போக யோசிக்கிறேன். அங்கே வேலையும் செய்து ஃபீஸ் கட்டலாம் என்கிறார்கள். பள்ளியை எப்படித் தெரிவது?

முதலில் காசுக் கணக்கு. மாணவருக்கு அனுமதி எடுத்தால் கிழமைக்கு 28 மணித்தியாலம் வேலை செய்யலாம், நீண்ட விடுமுறையில் மட்டும் நாளுக்கு 8. மணித்தியாலத்துக்கு 1,000 யென் என்று வைத்தால் நான்கு கிழமைக்கு 112,000 யென். வாடகை, சாப்பாடு, சுகாதாரக் காப்புறுதி போனால் கையில் நிற்பது கொஞ்சம். பள்ளிக் கட்டணம் முதல் வருடத்துக்குப் பெரும்பாலும் 7 முதல் 8 இலட்சம் யென், அதையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். "போய் உழைத்துக் கட்டலாம்" என்ற பேச்சு அங்கேயே விழுந்துவிடும். 28 மணித்தியாலத்தைத் தாண்டினால் விசா நீடிப்பில் பிடிபடுவீர்கள்.

பள்ளியைத் தெரியும்போது, 2024 ஏப்ரலிலிருந்து ஜப்பான் கல்வி அமைச்சு மொழிப் பள்ளிகளைப் புதிய சட்டத்தின் கீழ் அங்கீகரித்து வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். பழைய பள்ளிகளுக்கு 2029 மார்ச் வரை மாறுகாலம். "புதிய அங்கீகாரம் கிடைத்துவிட்டதா, இல்லையென்றால் எப்போது விண்ணப்பித்தீர்கள்?" என்று பள்ளிக்கே மின்னஞ்சல் போடுங்கள், ஏஜென்சிக்கு இல்லை. கூடவே, உங்கள் நாட்டு மாணவர் எத்தனை பேர், படிப்பு முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்றும் கேளுங்கள். வகுப்பு முழுக்க ஒரே நாட்டுப் பிள்ளைகள் என்றால் வெளியே வந்ததும் சொந்த மொழிதான் பேசுவீர்கள்.

திகதியையும் பாருங்கள். 12 வருடப் பள்ளிப் படிப்போடு என்-5 அல்லது 150 மணித்தியாலம் படித்த அத்தாட்சி பொதுவாகக் கேட்பார்கள். ஏப்ரல் சேர்க்கைக்கு முந்திய வருடம் செப்டெம்பர் முதல் நவம்பருக்குள் விண்ணப்பம் போய்விடும். டிசம்பர் பரீட்சை முடிவு ஜனவரிக் கடைசியில்தான் வரும். ஆகவே ஏப்ரல் என்றால் ஜூலைப் பரீட்சை. இதைக் கவனிக்காமல் டிசம்பரில் எழுதியவர்களுக்கு அந்த ஏப்ரல் போய்விடும், ஜூலை அல்லது ஒக்டோபர் சேர்க்கைக்குக் காத்திருக்க வேண்டும்.

குச்சவெளி: வயது 38. சேர்க்க மாட்டார்களா?

தொகுத்தெய் கினோவுக்குச் சட்டத்தில் 18 வயதுக்கு மேல் என்று மட்டும்தான் உண்டு. ஆளைத் தெரிவது முதலாளி.

சீனக்குடா: வகுப்பில் பாஸ்போட் ஒரிஜினலையும் முற்பணத்தையும் கேட்கிறார்கள். கொடுத்தால் இடம் உறுதியாம்.

கொடுக்க வேண்டாம். மொழி வகுப்புக்கு உங்கள் பாஸ்போட் எதற்கு? வகுப்புக் காசு வேறு, வேலைக் காசு வேறு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து, அந்தப் பெயரில் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, ஜப்பானுக்கு இந்த வேலைக்கு ஆள் கேட்டு அனுமதி எடுத்திருக்கிறார்களா என்று இரண்டு கேள்வியையும் கேளுங்கள். முதலாவதற்கு ஆம் என்று வந்தாலும் இரண்டாவதைக் கேட்காமல் விடாதீர்கள். வகுப்பின் பதிவை மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பார்க்கலாம். அந்தப் பதிவு படிப்பிக்கத்தான், ஆள் அனுப்ப இல்லை.

திருக்கடலூர்: விசா ஒரு தடவை றிஜெக்ட் ஆனது. காரணம் என்னவாக இருக்கும்?

கடதாசிகளைப் பார்க்காமல் சொல்ல முடியாது. விண்ணப்பம் போட்ட பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். குடிவரவு அலுவலகத்தில் காரணத்தை விசாரிக்க அவர்களால் முடியும்.

லிங்கநகர்: எந்தக் கிளாஸ் நல்லம் என்று பெயரைச் சொல்லுங்கள் அண்ணா. மூன்று மாதத்தில் போகலாமா?

பெயர் சொல்ல மாட்டேன் தங்கச்சி. ஒரே இடத்தில் ஆசிரியர் மாறினால் வகுப்பே மாறிவிடும். ஒரு நாள் காசில்லாமல் இருந்து பார்க்க விடுங்கள் என்று கேளுங்கள், போகும்போது முன் வாங்கில் இருக்கும் பிள்ளையின் கொப்பியைப் பாருங்கள். மூன்று மாதக் கேள்விக்கு மேலே நான்கு இடத்தில் பதில் இருக்கிறது.