சரக்கொன்றை விதையைப் பைகளில் போட்டு 3 மாதமாகியும் முளைக்கவில்லை. விதை செத்துவிட்டதா? பேசாமல் நாற்று வாங்கிவிடலாமா?

விதை அநேகமாகச் செத்திருக்காது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பையைக் கொட்டிவிடும்படி வீட்டில் யாரோ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. கொட்டிவிடாதீர்கள். ஒரு பையில் விரலை விட்டு ஒரே ஒரு விதையைத் தோண்டி எடுங்கள். கழுவி, கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். குழைந்து வந்தால் அது போயிற்று. போட்ட அன்றைய பளபளப்போடு கல்லைப்போல் இருந்தால் உயிரோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதமாக நீங்கள் ஊற்றிய தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட அதற்குள் போகவில்லை. அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

நீங்கள் போட்டது சரக்கொன்றைதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரோட்டோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் இயல்வாகையையும் பலர் கொன்றை என்றுதான் சொல்கிறார்கள். சரக்கொன்றையின் காய் ஒரு அடி, இரண்டு அடி நீளத்தில் கறுப்புக் குழாயாகத் தொங்கும். உடைத்தால் உள்ளே காசு அடுக்கியதுபோல் மெல்லிய தடுப்புகள். அறைக்கு ஒரு விதை, சுற்றிலும் பிசுபிசுப்பான கறுப்புச் சதை. இயல்வாகைக் காய் தட்டையாக, துருப்பிடித்த நிறத்தில் இருக்கும். இரண்டுக்கும் விதைத்தோல் கெட்டிதான் என்பதால் கீழே சொல்வது எதுவானாலும் பொருந்தும்.

நான் நர்சரி நடத்தவில்லை, வேளாண்மையும் படிக்கவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். "இவருக்கு என்ன தெரியும்" என்று கேட்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: நானே போட்டு, நானே இழந்து, நானே முளைக்க வைத்தவற்றைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன்.

பத்து வருடத்துக்கு முன்பு, ஒரு மாசி மாதம் கல்யாணத்துக்காகப் பொள்ளாச்சி போயிருந்தோம். மண்டபத்துக்கு எதிரே ஒரு சரக்கொன்றை. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கணிக்கொன்றை என்று விஷுவுக்கு வைத்துக் கும்பிடுவார்களே, அதே மரம். பூக்கும் காலம் இன்னும் வரவில்லை. போன வருடத்துக் காய்கள் கீழே உதிர்ந்து கிடந்தன. நான்கு காய்களைப் பட்டுச்சேலை மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். பால் கவர்களைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, இருபத்துநான்கு பைகளில் விதை போட்டேன். காலையில் கம்பெனி பஸ் வருவதற்கு முன்பு இருபத்துநான்குக்கும் தண்ணீர். வைகாசி பிறந்தும் ஒன்றுகூடத் தலை காட்டவில்லை. தண்ணீருக்குக் கோரைதான் முளைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் இருக்கும்போது அத்தை, என் மாமியார், சொன்னார்: "முளைக்காததற்குத் தண்ணீர் ஊற்றி என்ன ஆகப் போகிறது அம்மணி?" எனக்கு அப்போது கல்யாணமாகி ஆறு வருடம். அந்தச் சொல் எங்கே போய்த் தைத்திருக்கும் என்று படிக்கிற பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் பைகளைக் கிழித்து மண்ணையெல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் பின்னால் கொட்டியிருந்தார். மாமியார் கொடுமை என்று யாரும் கிளம்ப வேண்டாம். அத்தை மிளகாய் காயப்போட இடம் தேடினார், கொட்டினார். ஆனால் அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். காங்கேயத்துக்குத் தெற்கே, அப்பிச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவின், கொறங்காடு இருக்கிற ஊர். கொறங்காடு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: உழாத மேய்ச்சல் நிலம். கீழே கொழுக்கட்டைப்புல், மேலே அங்கங்கே வெள்வேல் மரம், சுற்றிலும் முள்கிளுவை வேலி. காங்கேயம் மாடும் செம்மறியும் அதில்தான் வளர்கின்றன. அப்பிச்சிக்கு அப்போது எண்பது வயது. நான் விதைக் கதையைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் தடியை ஊன்றிக்கொண்டு பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆட்டுப்பட்டி ஓரத்தில் எருக்குப்பை. இரண்டு நாள் முன்பு ஒரு மழை பெய்திருந்தது. குப்பை முழுக்க வெள்வேல் கன்றுகள், கீரைப் பாத்தி மாதிரி. அங்கிருந்து இருபதடி தள்ளி, தாய்மரத்தடியில் உதிர்ந்து கிடந்த காய்களில் ஒன்றுகூட முளைக்கவில்லை.

"மரத்தடியில் விழுந்த விதை அப்படியேதான் கிடக்கும். ஆடு தின்று, அரைத்து, வயிற்றில் ஊறி வெளியே வந்ததுதான் முளைக்கும். உன் கொன்றையை எந்த ஆடு தின்றது?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

வெள்வேல், கருவேல், வாகை, கொன்றை, ஆவாரை எல்லாம் பயறு, புளி வகைக் குடும்பம். இவற்றில் பலவற்றின் விதைத்தோல் தண்ணீர் புகாதபடி இறுகியிருக்கும். ஒரு மழைக்கு ஏமாந்து எல்லா விதையும் முளைத்து, அடுத்த வெயிலில் எல்லாம் கருகிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. நம் பக்கத்து மழையை நினைத்தால் அது எவ்வளவு பெரிய புத்தி என்று புரியும். ஆட்டின் பல்லும் வயிறும், வெயிலும், கல்லில் உரசலும் அந்தத் தோலைத் தேய்த்த பிறகுதான் தண்ணீர் உள்ளே போகும். ஆடு இல்லாத வீட்டில் அந்த வேலையை நாம் செய்ய வேண்டும்.

ஒரு காயில் மட்டும் விதை எடுக்காமல் வைத்திருந்தேன். திருப்பூர் திரும்பியதும் அதை உடைத்தேன். சதையைக் கழுவி, மிதந்தவற்றைத் தள்ளிவிட்டு, நன்றாக இருந்த பன்னிரண்டை எடுத்துக்கொண்டேன். விதை தட்டையாக, ஒரு முனை சற்றுக் கூராக இருக்கும். வேர் அந்தக் கூர்முனைப் பக்கத்திலிருந்துதான் வரும், அங்கே கை வைக்கக் கூடாது. எதிர்ப்பக்கத்து மொண்ணை ஓரத்தில் நகவெட்டியால் ஒரு துளி. உள்ளே வெளிறிய பருப்பு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு நூல்கூட வேண்டாம். நகவெட்டி வழுக்கினால் உப்புத்தாளில் அல்லது வாசற்படிச் சிமெண்டில் அந்த ஓரத்தை மட்டும் தேயுங்கள்.

பன்னிரண்டையும் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டேன். பக்கத்து டம்ளரில் வெட்டாத விதை நான்கு. காலையில் பார்த்தபோது வெட்டியவை இரண்டு மடங்கு பருத்து, பளபளப்பு போய், ஊறிய மொச்சைக்கொட்டை மாதிரி விரலுக்கு மெத்தென்று இருந்தன. மற்ற டம்ளரைச் சாய்த்தால் கூழாங்கல் சத்தம்தான். ஊறியவற்றை அரை அங்குல ஆழத்தில் புதைத்தேன். ஏழாம் நாள் மண் ஒரு இடத்தில் மெல்ல வெடித்தது. மாலையில் வந்து பார்த்தால் வெளுப்பாக ஒரு வளைந்த கழுத்து. எட்டாம் நாள் அது நிமிர்ந்துவிட்டது. தடித்த இரண்டு பருப்பிலை, ஒன்றின் நுனியில் விதைத்தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டில் ஒன்பது வந்தன.

வெந்நீர் போதுமே என்று சிலர் சொல்வார்கள். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையைப் போட்டு இரவு முழுக்க ஆறவிடுவது. வாகைக்கும் மயில்கொன்றைக்கும் எனக்கு அது நன்றாக வேலை செய்தது. சரக்கொன்றைக்கு இருபதில் மூன்றுதான் முளைத்தது. உங்களுக்கு முளைத்திருந்தால் சந்தோஷம், நான் மறுக்கவில்லை. அடுப்பிலேயே வைத்து விதையை வேகவைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். நர்சரிகளில் கந்தக அமிலத்தில் போட்டு எடுப்பதும் உண்டு. ஆயிரக்கணக்கில் விதை போடுகிறவர்களுக்கு அது சரி. குழந்தைகள் நடமாடும் வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு எல்லா விதையையும் வெட்டத் தொடங்கிவிடாதீர்கள். அந்தத் தப்பை இன்னொரு விதமாக நான் செய்தேன். கொன்றை கொடுத்த தைரியத்தில், அடுத்த வருடம் ஆனியில் வேப்பங்கொட்டை பொறுக்கி, மூடி இறுக்கிய பாட்டிலில் போட்டு, ஐப்பசி மழைக்கு எடுத்தேன். நாற்பதில் ஒன்றுகூட வரவில்லை. பிட்டுப் பார்த்தால் பருப்பு பழுப்பாகிச் சிக்கு வாடை. வேம்பு காத்திருக்காது. எண்ணெய்ப் பருப்பு, பழம் உதிர்ந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் சதையைக் கழுவி, நிழலில் ஆற்றி, மண்ணில் வைத்துவிட வேண்டும். இலுப்பையும் நாவலும் அப்படித்தான். நாவல் பழத்தைத் தின்ற கையோடு கொட்டையைப் புதைப்பதுதான் முறை. புங்கன் நடுவாந்திரம், சில மாதம் தாங்கும், தோலை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தேக்கைப் பகலில் காயவைத்து இரவில் ஊறவைத்து ஒரு வாரம் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும், அப்போதும் ஒன்றாய் வராது, விட்டு விட்டு முளைக்கும். சந்தனம் பக்கத்தில் வேறொரு செடியின் வேர் இல்லாமல் தேறாது. தொட்டியிலேயே ஒரு துவரையைத் துணைக்கு வைப்பார்கள். வீட்டில் முதன்முதலாக விதை போடுகிறவர் தேக்கையும் சந்தனத்தையும் மலைவேம்பையும் நர்சரிக்காரர்களிடம் விட்டுவிடுவது நல்லது. மலைவேம்பு விதை அவர்களிடமே சாணக்கரைசலில் கிடந்து பாடுபடுகிறது.

வேப்பங்கொட்டை என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். அப்பிச்சி காட்டுக்குப் போகும் இட்டேரியின், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையின், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி இருந்தது. கிளுவையைத்தான் போத்து (கிளைத்துண்டு) வெட்டி நட்டார்கள். வேலிக்குள் இருந்த வேம்பு, பிரண்டை, கோவைக்கொடி எதையும் யாரும் நடவில்லை. கொண்டைக்குருவியும் மைனாவும் பழம் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்து எச்சமிட்டவை. அப்பிச்சி போன பிறகு பாகம் பிரித்தார்கள். அளந்து பார்த்ததில் வேலி நாலடி இடத்தைத் தின்கிறது என்று பங்காளிகளுக்குத் தோன்றிவிட்டது. பொக்லைன் ஒரே நாளில் முடித்தது. இப்போது கல்லுக்கால், ஐந்து வரிசைக் கம்பி. அந்தக் கம்பியிலும் பறவை வந்து உட்காரத்தான் செய்கிறது. ஆனால் அது போடுகிற விதை நிழலில்லாத மொட்டை மண்ணில் விழுந்து காய்ந்துபோகிறது. காசு கொடுத்து, ஆள் விட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்தாலும் அத்தனை வகைச் செடியை அந்த இட்டேரிக்கு இனி யாரும் கொண்டுவர முடியாது. நாலடி மண்ணுக்காக அழித்தார்கள். எத்தனை வருடமானாலும் எனக்கு இது ஆறாது.

நாற்று வாங்குவதைப் பற்றிக் கேட்டீர்கள். வாங்குவது பாவமில்லை. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரிப் பக்கம் போனால் நல்ல நாற்றைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் பையில் வருடக்கணக்காக நின்றதை வாங்காதீர்கள். நான் ஒரு நர்சரியில் நெஞ்சுயரப் பூமருது ஒன்றை ஆசையாக வாங்கி வைத்தேன். மூன்றாம் வருடம் ஆடிக்காற்றில் அடியோடு சாய்ந்தது. தூக்கிப் பார்த்தால் வேர் பையின் வடிவத்திலேயே சும்மாடு மாதிரி சுருண்டிருந்தது, மண்ணுக்குள் இறங்கவே இல்லை. ஆளுயரம் பார்த்து வாங்கக் கூடாது, முழ உயரத்து இளங்கன்றுதான் வேண்டும். நீங்கள் விதையில் வளர்த்தாலும் இதே கதைதான்: பையின் அடி ஓட்டையில் வேர் எட்டிப்பார்த்தால் தாமதிக்காமல் நிலத்தில் இறக்கிவிடுங்கள்.

விதையில் வந்த கொன்றை பூப்பதற்குச் சில வருடம் ஆகும், அதை மறைக்கவில்லை. என்னுடையது ஏழாம் வருடம் சித்திரையில் பூத்தது. வெந்நீர் அடுப்புக்குப் பின்னால் கொட்டிய மண்ணிலிருந்தும் இரண்டு வருடம் கழித்து ஒரு கன்று தானாகவே வந்தது. அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன், உங்கள் விதையும் செத்திருக்காது என்று.

ஆகவே இன்று இரவே பையிலிருந்து எடுத்துவிடுங்கள். வெட்டி, ஊறவைத்து, நாளை இதே சமயம் வரை பொறுங்கள். பருக்காத விதை இருந்தால் இன்னொரு முறை ஓரத்தைத் தேய்த்துத் திரும்பப் போடுங்கள். பழைய மண் இறுகியிருக்கும், கொட்டிவிட்டு செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். விதையின் தடிமனைப்போல் இரண்டு பங்கு ஆழம் போதும். முளை வந்த முதல் பத்து நாள் தண்ணீரைக் குறையுங்கள். என் ஒன்பதில் இரண்டு, தண்டு மண்மட்டத்தில் அழுகி ஒரே இரவில் மடிந்தன, ஈரம் அதிகமானதுதான் காரணம். காலை வெயில் படட்டும், உச்சி வெயிலுக்கு மட்டும் ஓலை நிழல். புரட்டாசி கடைசியில், வடகிழக்கு மழை பிடிக்கிற சமயம் நிலத்தில் வையுங்கள். ஆடு மேயும் இடமென்றால் முள் கட்டுங்கள்.

எட்டாம் நாள் எத்தனை வந்தது என்று எழுதுங்கள், காத்திருப்பேன்.