ரத்தம் எடுப்பது நாவிதர் காலத்து வைத்தியமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 56. ஹீமோகுளோபின் 19 இருக்கிறது. பாலிசைதீமியா வேரா (ரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் நோய்) என்று சொல்லி, அவ்வப்போது ரத்தத்தை எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். "இடைக்கால ஐரோப்பாவில் நாவிதர்கள் செய்த வேலை இது, நான் வரமாட்டேன்" என்கிறார் இவர். என்ன செய்வது?

பதில்: உங்கள் கணவர் சரித்திரம் படித்திருக்கிறார், சந்தோஷம். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார்.

அந்தக் காலத்து ஐரோப்பிய வைத்தியத்தில் உடம்பு என்பது ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கு நீர்களின் கணக்கு. காய்ச்சலா, ரத்தம் மிஞ்சிவிட்டது, எடு. தலைவலியா, எடு. நோயே இல்லையா, வசந்தகாலம் வந்துவிட்டதே, எடு. மடாலயத் துறவிகளுக்குக்கூட ஆண்டுக்குச் சில தடவை முறை வைத்து எடுத்தார்கள். அதற்கப்புறம் சில நாள் ஓய்வும் நல்ல சாப்பாடும் உண்டு என்பதால் அவர்கள் பெரிதாக முரண்டு பிடித்திருக்க மாட்டார்கள்!

ஊருக்குள் இந்த வேலை பெரும்பாலும் நாவிதர் கையில். மேல்கையில் துணியை இறுக்கிக் கட்டி, நரம்பு புடைக்க ஒரு கோலைப் பிடிக்கச் சொல்வார். இன்று எங்கள் நர்ஸ் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்வதும் அதற்குத்தான். லண்டன் நாவிதர்கள் ரத்தத்தைக் கடை ஜன்னலில் விளம்பரமாக வைக்கப்போய், 1307-இல் அதற்குத் தடை வந்தது. சத்தமில்லாமல் தேம்ஸ் நதிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நாள் பார்ப்பதும் உண்டு: சந்திரன் மிதுனத்தில் இருந்தால் கையில் கத்தி வைக்கக் கூடாது.

அவர்கள் தப்பு, கத்தியில் இல்லை. யாருக்கு, எவ்வளவு என்பதில். ஏற்கெனவே துவண்டு கிடப்பவரிடமும் எடுத்தார்கள். மயக்கம் வரும்வரை எடுத்ததும் உண்டு.

உங்கள் கணவருக்கு எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை அளவுக்கு மீறி உற்பத்தி செய்கிறது. ரத்தம் கெட்டியாகி, மூளையிலோ இதயத்திலோ உறைந்தால் பக்கவாதம், மாரடைப்பு வரலாம். அதனால்தான் ஹெமடோக்ரிட்டை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை, 45 சதவீதத்துக்குக் கீழே வைக்கிறோம். ஒரு தடவைக்குச் சுமார் 350 முதல் 450 மில்லி. அடுத்தது எப்போது என்பதைப் பரிசோதனை முடிவுதான் சொல்லும், சந்திரன் அல்ல. ஆஸ்பிரின் எழுதியிருந்தால் அதையும் விடாமல் சாப்பிடட்டும்.

போகும்போது வெறும் வயிற்றோடு போக வேண்டாம், நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். அப்புறம், களைப்பாக இருக்கிறார் என்று நீங்களாக இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். குறைத்த அணுக்கள் மறுபடி ஏறிவிடும்.