வாய்க்கால் நோட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். நியூயார்க்கில் நடக்கவிருக்கும் சர்வதேச இளைஞர் மாநாட்டுக்கு ‘உலகக் குடிமக்கள் தூதராக’ அவள் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதாகச் சென்ற மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. பதிவுக் கட்டணம் 1,80,000 ரூபாய். விமானச் செலவு தனி. வெளிநாட்டுக் கல்லூரியில் சேர இது உதவும் என்கிறார் என் மைத்துனர். எனக்கோ கடன் வாங்கித்தான் அனுப்ப முடியும். பதினாறு வயதுப் பிள்ளை உலக மேடையில் பேசி என்ன ஆகப்போகிறது என்று கேட்டால், “நாங்க பேசலேன்னா வேற யாருப்பா பேசுவாங்க?” என்கிறாள். ஏற்கெனவே ஓராண்டாக, வீட்டருகே உய்யக்கொண்டான் வாய்க்காலில் எங்கெங்கே சாக்கடை கலக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு தோழிகளுடன் அலைகிறாள். படிப்பு கெடுகிறது என்று அதற்கே நான் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறேன். தங்கள் கருத்து என்ன?

செ., திருச்சி.

அன்புள்ள செ.,

பணத்தை முதலில் பேசிவிடுவோம். ஐ.நா. பொதுச்சபைக்கு ஒருவர் இளைஞர் பிரதிநிதியாக வருகிறார் என்றால், அவருடைய நாட்டு அரசு அவரைத் தேர்ந்தெடுத்துத் தன் தூதுக்குழுவில் சேர்த்து அனுப்பியிருக்கிறது என்று பொருள். அதற்காக ஐ.நா. யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. உங்கள் மகளுக்கு வந்திருப்பது வேறு வகை அழைப்பு. அதை மோசடி என்று நான் சொல்லவில்லை. நாலு நாட்டுப் பிள்ளைகளைப் பார்க்கலாம், ஊர் சுற்றலாம், சான்றிதழும் கிடைக்கும். ஆனால் அது சுற்றுலா. கடன் வாங்கிச் சுற்றுலா போக வேண்டியதில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விதான் கனமானது. 1992 ஜூனில் ரியோ டி ஜெனீரோவில் நடந்த புவி உச்சி மாநாட்டில் செவர்ன் கல்லிஸ்-சுசுகி என்ற பன்னிரண்டு வயதுக் கனடியச் சிறுமி பேசினாள். வான்கூவரில் தோழிகளோடு ஒரு சிறு சுற்றுச்சூழல் குழு நடத்தி, பயணச் செலவுக்கான பணத்தைத் தாங்களே திரட்டிக்கொண்டு வந்தவள் அவள். பெரியவர்கள் அசந்துபோய்க் கேட்டார்கள், கைதட்டினார்கள், அதே மாநாட்டில் காலநிலை ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டார்கள். அதற்குப் பிறகு உலகின் கரியமில வாயு வெளியேற்றம் குறையவில்லை, கூடியது. கேட்பது வேறு, செவிசாய்ப்பது வேறு. உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் அங்கே இருக்கிறது.

மற்ற பாதிக்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 2019 செப்டம்பரில் 12 நாடுகளைச் சேர்ந்த 16 பிள்ளைகள், ஐ.நா.வின் குழந்தைகள் உரிமைக் குழுவிடம் ஒரு மனு கொடுத்தார்கள். சுவீடனின் கிரேட்டா துன்பர்கும், நம் ஹரித்வாரைச் சேர்ந்த ரிதிமா பாண்டேவும் அதில் உண்டு. அர்ஜென்டினா, பிரேசில், பிரான்ஸ், ஜெர்மனி, துருக்கி ஆகிய ஐந்து நாடுகளும் காலநிலை மாற்றத்தைத் தெரிந்தே வளரவிட்டுத் தங்கள் உரிமைகளை மீறுகின்றன என்பது அவர்கள் வாதம். அமெரிக்காவையும் சீனாவையும் இந்தியாவையும் விட்டுவிட்டு ஏன் இந்த ஐந்து என்று தோன்றும். பிள்ளைகள் நேரடியாக முறையிட வழி செய்யும் நெறிமுறையை அந்த மூன்று நாடுகளும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்றுக்கொண்டவர்கள் மீதுதான் முறையிட முடியும். மேடையில் முழங்குவதற்கு இந்த நுணுக்கம் தேவையில்லை, வழக்காடுவதற்குத் தேவை.

2021 அக்டோபரில் முடிவு வந்தது. மனு தள்ளுபடி. காரணம், அந்தந்த நாட்டு நீதிமன்றங்களில் உள்ள வழிகளை முயன்று பார்க்காமல் நேராக இங்கே வந்துவிட்டீர்கள் என்பது. ஆனால் குழு இதோடு நிற்கவில்லை. ஒரு நாட்டில் கிளம்பும் புகையால் இன்னொரு நாட்டில் இருக்கும் குழந்தைக்குத் தீங்கு நேருமானால், புகைவிட்ட நாடு அதற்குப் பொறுப்பாகலாம் என்று சொன்னது. அதுவரை எந்தச் சர்வதேச உரிமைக் குழுவும் காலநிலை விஷயத்தில் இவ்வளவு தூரம் வந்ததில்லை. ஏன் தள்ளுபடி செய்தோம் என்பதை விளக்கி அந்தப் பிள்ளைகளுக்கு எளிய மொழியில் ஒரு கடிதமும் எழுதியது. பிறகு இதே குழு 2023இல், சுற்றுச்சூழல் விஷயத்தில் நாடுகளின் கடமைகளை விளக்கும் தன் 26ஆம் பொதுக் கருத்துரையை வெளியிட்டபோது, 121 நாடுகளிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் அதில் சேர்ந்திருந்தன. தோற்ற வழக்குதான், ஆனாலும் அந்தப் பிள்ளைகள் பேசியது வீண்போனது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த வழக்கில் என்னை யோசிக்க வைப்பது அந்தத் தள்ளுபடிக் காரணம். உலகத்தின் கதவைத் தட்ட வந்தவர்களிடம், உள்ளூர்க் கதவைத் தட்டினீர்களா என்று உலகமே கேட்டிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் மாதிரி ஐ.நா. போட்டிக்கு, அதாவது மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாகப் பேசும் போட்டிக்கு, நடுவராகப் போயிருந்தேன். ஏப்ரல் வெயிலில் கோட்டும் டையும் அணிந்து, ‘உருகுவே’ என்ற பலகையை உயர்த்திக்கொண்டு ஒரு பையன் நன்னீர்ப் பாதுகாப்பைப் பற்றி அருமையான ஆங்கிலத்தில் பேசினான். இடைவேளையில் பார்த்தால், பள்ளிக்குத் தண்ணீர் லாரி வந்து குழாயைப் போட்டுக்கொண்டிருந்தது. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது தம்பி என்று கேட்டேன். அவன் லாரியைக் காட்டினான். லாரிக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு அவனுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நின்ற ஆசிரியருக்கும் விடை தெரியவில்லை. பையனுக்குத்தான் பரிசு கொடுத்தேன். அவன் பேச்சு அப்படி. இன்றுவரை அந்த மதிப்பெண் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசியதை நீங்கள் படித்திருப்பீர்கள். அவர் மேடையைத் தேடிப் போகவில்லை. தெருவில் இஸ்திரி போடுகிறவர் எரிந்த கரியைக் கொட்டிவிட்டுப் போவதைப் பார்த்து, சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டி ஒன்றை வடிவமைத்தார். அந்த வண்டிதான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

இனி உங்கள் மகளின் நோட்டுக்கு வருகிறேன். நீங்கள் கடிதத்தில் அதை ஒரு குறையாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறீர்கள். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி நகரத்துக்குள் புகுந்து, வாழவந்தான்கோட்டை ஏரி வரை போகிற வாய்க்கால் அது. நகரத்து வீடுகளின் கழிவு, யாரென்றே தெரியாத கீழ்மடை விவசாயியின் வயலுக்குப் போகிறது. மேலே இருப்பவன் விடுவதற்குக் கீழே இருப்பவனிடம் பதில் சொல்ல வேண்டும் என்பதைத்தான் அந்தக் குழுவும் நாடுகளிடம் சொன்னது. ‘உலகக் குடிமக்கள்’ என்ற சொல்லுக்கு நான் கொள்கிற பொருளும் அதுதான். அதை அவள் தன் காலால் நடந்து கற்றுக்கொண்டிருக்கிறாள். தேதியும் இடமும் ஒழுங்காகக் குறித்திருந்தால், அந்த நோட்டு மனுவோடு இணைக்கத்தக்க ஆவணம். கவுன்சிலரிடமும் போகலாம், ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம். பெரியவர் ஒருவர் கூடப் போனால் நல்லது. அது நீங்களாக இருக்கலாம். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்கவேண்டாம்.

இன்னொன்று. 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 12ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. இந்தியாவும் 1992இல் அதை ஏற்றுக்கொண்டது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்புத் தரவேண்டும் என்கிறது அது. உங்கள் கடிதத்தில் மைத்துனரின் கருத்து இருக்கிறது, உங்களுடையது இருக்கிறது. அவளுடையதோ ஒரே ஒரு வரி. நியூயார்க் வேண்டாம் என்று முடிவானாலும், அந்தக் கணக்கை அவளை உட்காரவைத்துப் போட்டுக் காட்டி, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டபின் முடிவெடுங்கள். அவளுக்கு விருப்பமிருந்தால், நோட்டின் முதல் சில பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். சாக்கடை கலக்கும் முதல் இடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்புடன்.