'சின்' என்று முடியும் மாத்திரை

மழைக்காலம் வந்தால் ஆன்டிபயாடிக் கேள்விகளும் வந்துவிடும். இந்த முறை தேறியவை இவை.

சிப்ரோஃப்ளாக்சசினைப் பாலோடு சாப்பிடலாமா? (சிம்மக்கல்)

கூடாது. பாலில் உள்ள கால்சியம் மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்கு ஏற விடாது. அயர்ன் மாத்திரையும் அசிடிட்டிக்குக் குடிக்கும் ஜெல்லும் அப்படித்தான். மாத்திரை போட்டு 2 மணி நேரமாவது போகட்டும். ஜிகர்தண்டாவும் பால்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். குதிகாலுக்கு மேலே சுருக்கென்று வலித்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு எழுதிக்கொடுத்தவரைப் பாருங்கள்.

மெட்ரோனிடசோல் போட்டதிலிருந்து வாயில் காசைப் போட்டுச் சப்பியது போல இருக்கிறது. (மேலூர்)

அந்த மருந்தின் குணம் அது. முடித்ததும் போய்விடும். நீங்கள் கேட்காத கேள்விக்கும் பதில்: மது கூடாது, மாத்திரை முடிந்து 3 நாள் வரை.

சளி, உடம்புவலிக்கு மெடிக்கலில் 2 வேளைக்குச் செட் மாத்திரை வாங்கினேன். மறுநாள் உடம்பெல்லாம் தடிப்பு. அதில் வெள்ளையாக, நீளமாக ஒரு மாத்திரை இருந்தது. எனக்குப் பென்சிலின் அலர்ஜியா? (செல்லூர்)

வெள்ளையாக, நீளமாக! மெடிக்கலில் இருக்கும் மாத்திரைகளில் பாதி அப்படித்தான் ஐயா இருக்கும். உங்களைச் சொல்லியும் குற்றமில்லை. காகிதக் கவரில் நாலு துண்டுகளை வெட்டிப் போட்டு, மேலே பேனாவால் 'கா', 'இ' என்று எழுதித் தருகிறார்கள். வெட்டிய துண்டில் 'சின்' என்ற வால் மட்டும் மிஞ்சியிருக்கும். அது அசித்ரோமைசினா, ஆஃப்லாக்சசினா? முன்னது மேக்ரோலைட், பின்னது குயினலோன். இரண்டும் வேறு வேறு குடும்பம். பென்சிலின் வகை இரண்டுமே இல்லை. அந்தக் கவரைக் கசக்கி மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களை 30 வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் ஜோசியம் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

தடிப்பு வலி மாத்திரையால் வந்திருக்கலாம், வைரஸாலும் வந்திருக்கலாம். இதை நம்பி 'பென்சிலின் அலர்ஜி' என்று சீட்டில் ஏறிவிட்டால் ஆயுசுக்கும் அழியாது. அப்படிச் சொல்கிறவர்களைச் சோதித்தால் 10க்கு 9 பேருக்கு அலர்ஜியே இருப்பதில்லை. ஆனால் அதற்குள் எளிய மருந்தை ஒதுக்கிவிட்டுப் பெரிய மருந்துக்குப் போயிருப்பார்கள். சாதாரணச் சளி வைரஸ் வேலை, அதற்கு ஆன்டிபயாடிக்கே வேண்டாம். 2 வேளை மட்டும் போடுவது கிருமிக்குப் பயிற்சி கொடுப்பது. செஃபிக்சிம் மாதிரி ஆன்டிபயாடிக்குகளை விற்றால் சீட்டைப் பார்த்து நோட்டில் பதிய வேண்டும் என்று 2014 முதல் விதி இருக்கிறது. அந்த நோட்டைக் கண்ணால் பார்த்த வாசகர் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

சரி, நீங்கள் கடைக்குப் போய் என்ன கொடுத்தார்கள் என்று பெயரை எழுதி வாங்குங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் உடனே பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அமாக்சிசிலின் 5 நாள் சாப்பிட்டும் அப்பாவுக்குக் காய்ச்சல் நிற்கவில்லை. இடுப்பில் சிகரெட் சுட்டது போலக் கறுப்பாக ஒரு புண். தோட்ட வேலை செய்கிறார். (அழகர்கோவில் பக்கம்)

இதை வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறீர்களே! இன்றே கூட்டிப் போங்கள், புண்ணையும் காட்டுங்கள். ஸ்கரப் டைபஸாக இருக்கலாம், புதரில் இருக்கும் பொடிப் பூச்சி கடித்து வரும் காய்ச்சல் அது. அந்தக் கிருமி நம் செல்லுக்குள்ளே குடியிருப்பது. பென்சிலின் வகை அதை ஒன்றும் செய்யாது. டாக்சிசைக்ளினுக்குக் கேட்கும். கொடுத்தால் டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோலும் எரியும்.

பிள்ளைக்குப் போன மாதம் கலக்கிய அமாக்சிசிலின்-கிளாவுலனேட் சிரப் ஃபிரிட்ஜில் பாதி இருக்கிறது. (திருமங்கலம்)

கொடுக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்தாலும் கலக்கியபின் 7 நாள்தான்.

சிறுநீர்த் தொற்றுக்கு இந்த மாத்திரை. சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறது. (திருப்பரங்குன்றம்)

அட்டையை முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், பெயர் முழுதாகத் தெரிகிறது. நல்லா இருங்கம்மா! நைட்ரோஃபுரான்டாயின். நிறம் மருந்தால் வருவது, பயம் வேண்டாம். சாப்பாட்டோடு போட்டால் குமட்டல் குறையும். ஆனால் இது மூத்திரப்பை அளவுக்குத்தான். குளிர்காய்ச்சலும் விலாவில் வலியும் வந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அங்கே இந்த மாத்திரை போதாது, அன்றே டாக்டரைப் பாருங்கள். போகும்போது அட்டையும் கையில் இருக்கட்டும்.