மார்ஃபின் மாத்திரை எந்த மெடிக்கலிலும் கிடைக்கவில்லையே?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், எலும்புக்குப் பரவிவிட்டது. வலி குறைய நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின் 10 மி.கி. என்று டாக்டர் சீட்டு எழுதினார். ஆறு மெடிக்கலில் ஏறி இறங்கிவிட்டேன், எங்கும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் 10 மாத்திரை 900 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? - தேனி வாசகி

பதில்: வாங்காதீர்கள். ஏழாவது மெடிக்கலுக்கும் அலைய வேண்டாம். கடைக்காரர் ஒளித்து வைக்கவில்லை. மார்ஃபின் அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்து, போதைப்பொருள் சட்டக் கட்டுப்பாட்டில் உள்ளது. அதனால் சாதாரண மெடிக்கலில் அதை வைப்பதே இல்லை. அதற்கென்று அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள்தான் இருப்பு வைத்துக் கொடுக்கும். சீட்டு எழுதியபோதே உங்களிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். வலியில் துடிக்கும் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு மகள் கடை கடையாக அலைவதை என்னால் சகிக்க முடியவில்லை.

நாளைக் காலையே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், 'நோய் ஆதரவு சிகிச்சை' (பாலியேட்டிவ் கேர்) பிரிவு எங்கே என்று கேளுங்கள். பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டர் சீட்டு, அம்மாவின் ஆதார் நான்கும் கையில் இருக்கட்டும். அங்கே இருப்பு இல்லையென்றால் 'எங்கே இருக்கிறது' என்று கேட்காமல் திரும்பாதீர்கள். அம்மாவால் வர முடியாத நிலை என்றால், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

இப்போது அந்த 900 ரூபாய்க்காரர். மார்ஃபின் மாத்திரை சில ரூபாய்தான். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் இந்த ஆட்கள் உதிரியாகத் தருவது மார்ஃபின்தானா, எப்போது காலாவதி என்று யாருக்கும் தெரியாது. பில்லும் இல்லை. போலீஸ் பிடித்தால் மாட்டுவது நீங்கள். அடுத்த தடவை இதே ஆள் 'பேட்ச் இருக்கு, மூணு நாளைக்கு வலியே இருக்காது' என்பார். அது ஃபென்டனில் என்ற வலி மருந்து உள்ள, தோலில் ஒட்டும் பட்டை. இந்த வகை மருந்து பழக்கமில்லாத உடம்பில் ஒட்டினால் மூச்சே அடங்கிவிடலாம்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் பாருங்கள். அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு உண்டா? கிரியாட்டினின் ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் மார்ஃபினின் கழிவு உடம்பிலேயே தங்கி, ஆளை மயக்கத்தில் தள்ளும். அப்போது டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது அவரே பேட்ச் எழுதுவார். அவர் கணக்குப் போட்டு எழுதுகிற பேட்ச் வேறு, வாசலில் விற்கிற பேட்ச் வேறு.

நம் நாட்டிலேயே அரசு உரிமத்தோடு அபின் பயிராகிறது. உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூரிலும் மத்தியப் பிரதேசத்தின் நீமச்சிலும் அதைப் பதப்படுத்தும் அரசு ஆலைகள் இருக்கின்றன. 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியை 2014-ல் தளர்த்தி, ஒரே அனுமதி போதும் என்றார்கள். அந்த ஒரு அனுமதியைக்கூட வாங்காமல் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவமனைகளை என்னவென்று சொல்வது!

மார்ஃபின் மலச்சிக்கலை உண்டாக்கும். அதனால் மாத்திரை கிடைத்ததும் அதற்கான மருந்தையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். கையிருப்பு ஐந்து நாளுக்கு வந்ததுமே அடுத்ததற்குப் போங்கள். திடீரென்று நின்றால் வலி மட்டுமல்ல, நடுக்கமும் வாந்தியும் சேர்ந்து வரும்.