சூசனை ஏன் விட்டுவிட்டார்கள்? - கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்குப் பதினொரு வயது. ஏழெட்டு மாதங்களாகத் தினமும் இரவு சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா கதைகளை அவளுக்கு வாசித்துக் காட்டி வந்தேன். ஏழு புத்தகங்கள். சென்ற வாரம் கடைசிப் புத்தகம் முடிந்தது. அலமாரி வழியாக நார்னியா என்ற மாய நாட்டுக்குப் போய் வந்த கூடப்பிறந்த நால்வரில் (பீட்டர், சூசன், எட்மண்ட், லூசி) மூன்று பேர் அஸ்லான் என்ற சிங்கத்தின் நாட்டுக்குப் போய்விடுகிறார்கள், சூசன் மட்டும் இல்லை என்று தெரிந்ததும் என் மகள் புத்தகத்தைப் பிடுங்கி மூடிவிட்டாள். "லிப்ஸ்டிக் போட்டா வரக்கூடாதா?" என்று அழுதாள். என்னிடம் பதில் இல்லை.

எங்கள் நண்பர்கள் குழுவில் இதைச் சொன்னேன். இரண்டு நாள் பெரிய சண்டை. லூயிஸுக்குப் பெண் குழந்தைகள் வளர்வதே பிடிக்காது என்றார்கள் சிலர். அவள் நம்பிக்கையை விட்டாள், அதனால் போனாள், இதில் ஆசிரியரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது என்றார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அந்தப் பக்கத்தை நான் வாசிக்காமல் தாண்டியிருக்க வேண்டுமா?

கே., சேலம்

அன்புள்ள கே.,

தாண்டியிருக்கக் கூடாது. வாசித்ததுதான் சரி. உங்கள் மகளின் கோபமும் சரி. அந்த இடத்தில் கோபம் வராத குழந்தை கதையைச் சரியாகக் கேட்கவில்லை என்றே சொல்வேன்.

உங்கள் கடிதம் வந்ததும் 'கடைசிப் போர்' நாவலை எடுத்து அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். 1956இல் வந்த புத்தகம். எழுபது வருடமாக உலகம் முழுக்கச் சண்டை போடும் அந்த இடம் மொத்தமே ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது. நார்னியாவின் டைரியன் மன்னன் பீட்டரிடம் கேட்கிறான்: உங்களுக்கு இரண்டு தங்கைகள் என்றல்லவா படித்திருக்கிறேன், சூசன் ராணி எங்கே? பீட்டர் சுருக்கமாகச் சொல்கிறான், அவள் இப்போது நார்னியாவுக்குத் தோழி அல்ல என்று. நார்னியாவைப் பற்றிப் பேச்செடுத்தால், சின்ன வயதில் விளையாடிய விளையாட்டையெல்லாம் இன்னுமா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்கிறாள் என்கிறான் பள்ளிச் சிறுவன் யூஸ்டஸ். நைலான் காலுறை, லிப்ஸ்டிக், விருந்து அழைப்பு, இதைத் தவிர அவளுக்கு வேறு எதிலும் நாட்டமில்லை என்கிறாள் அவனோடு படிக்கும் ஜில். அவள் இன்னும் வளரவே இல்லை என்று பாலி அம்மாள் தன் பங்குக்கு ஒன்று சொல்கிறார். உடனே பீட்டர், சரி, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம், இதோ பாருங்கள் எவ்வளவு அழகான பழ மரங்கள் என்கிறான்.

அவ்வளவுதான். பழ மரங்களுக்குப் போய்விட்டார்கள்.

கல்யாணப் பந்தியில் வராத ஒருத்தியைப் பற்றி நான்கு பேர் நான்கு விதமாகப் பேசிவிட்டு இலைக்குத் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதே காட்சிதான். சூசன் அந்தப் புத்தகத்தில் ஒரு தடவைகூட நேரில் வருவதில்லை. நமக்குக் கிடைப்பது முழுக்க அடுத்தவர் வாய்ச் சொல். இன்னொன்றையும் கவனியுங்கள். எட்மண்டும் லூசியும் அங்கேதான் நிற்கிறார்கள். அவர்கள் அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. அஸ்லானும் சொல்வதில்லை. தீர்ப்பு என்று நாம் பேசிக்கொண்டிருப்பது அண்ணன் ஒருவன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர், வயதான பெண்மணி ஒருவர் சொன்னது மட்டுமே. சிங்கம் வாயே திறக்கவில்லை.

உங்கள் நண்பர்களின் முதல் கட்சிக்கு வருகிறேன். ஃபிலிப் புல்மன், ஜே. கே. ரௌலிங் போன்ற எழுத்தாளர்களே அந்தப் பக்கம் நின்று கடுமையாகப் பேசியிருக்கிறார்கள். நீல் கெய்மன் 2004இல் இதற்காகவே ஒரு சிறுகதை எழுதினார். நானும் ரொம்ப நாள் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். ஆனால் ஐந்தாவதாக வந்த புத்தகத்தைத் திரும்பப் படித்தால் அந்த வாதம் முழுசாக நிற்காது. அதில் சூசன் வளர்ந்த பெண், நார்னியாவின் ராணி. ரபடாஷ் என்ற இளவரசன் அவளை மணக்க ஆசைப்படுகிறான். அவளும் அவனைப் பற்றி யோசித்துப் பார்க்கத்தான் அவன் ஊருக்கே போகிறாள். முதல் புத்தகத்தின் முடிவிலும், கூந்தல் பாதம் வரை தொங்கும் பேரழகியாக அவள் வளர்ந்ததும் கடலுக்கு அப்பாலிருந்து அரசர்கள் பெண் கேட்டுத் தூது அனுப்பியதும் சந்தோஷமாகவே சொல்லப்படுகிறது. வளர்வதும் அழகாக இருப்பதும் காதலும் நார்னியாவில் குற்றமே இல்லை.

ஆனாலும் லூயிஸை நான் முழுசாக விட்டுவிட மாட்டேன். அக்கறை மாறிப்போன ஒரு இளம்பெண்ணைக் காட்ட அவர் கைக்கு முதலில் வந்தது நைலானும் லிப்ஸ்டிக்கும். ஒரு பையன் மறந்துபோயிருந்தால் எதை எழுதியிருப்பார்? மோட்டார் சைக்கிளா? கிரிக்கெட்டா? அதை எழுதியிருந்தால் எந்தப் பையனும் புத்தகத்தை மூடிவிட்டு அழுதிருக்க மாட்டான். அவர் எழுதி வைத்த கால அட்டவணைப்படி இந்தக் கடைசிக் கதை நடப்பது 1949இல், சூசனுக்கு அப்போது 21 வயது. பிரிட்டனில் துணிக்கான ரேஷன் 1941இல் தொடங்கி அந்த 1949 மார்ச்சில்தான் முடிந்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டனிலிருந்து கிராமத்துக்கு அனுப்பப்பட்ட பெண் அவள். பதின்ம வயது முழுக்கக் கூப்பன் எண்ணித் துணி வாங்கிய தலைமுறை. அப்படிப்பட்டவள் ஒரு ஜோடி நைலான் காலுறைக்கு ஆசைப்பட்டால் அதில் கேலி செய்ய என்ன இருக்கிறது? போர் முடிந்துவிட்டது என்று அவள் உடம்புக்கு அதுதானே சொல்லியிருக்கும். அந்த ஒரு வரியில் லூயிஸ் அவளிடம் ஈரமில்லாமல் நடந்துகொண்டார். ஜில் வாயில் வைத்துத்தான் சொன்னார் என்றாலும், அதை மறுத்துச் சொல்ல அங்கே ஒருவரையாவது வைத்திருக்கலாம்.

இனி இரண்டாவது கட்சி. நம்பிக்கையை விட்டது அவள்தானே என்கிறவர்கள். அவர்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. இரண்டாம் புத்தகத்தில் அஸ்லானை லூசி பார்க்கிறாள், சூசன் நம்ப மறுக்கிறாள். அப்புறம் ஒரு இடத்தில் தங்கையிடம் ஒப்புக்கொள்கிறாள்: உள்ளுக்குள் எனக்குத் தெரிந்தது, நான் என்னை விட்டிருந்தால் நம்பியிருப்பேன், ஆனால் அந்தக் காட்டைவிட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது. எவ்வளவு நேர்மையான பேச்சு! அஸ்லான் அதற்கு என்ன செய்கிறது? நீ பயத்தின் பேச்சைக் கேட்டுவிட்டாய் குழந்தை என்று சொல்லி அவள்மேல் மூச்சு விடுகிறது. தண்டனை இல்லை. இனிப்புக்கு ஆசைப்பட்டுக் கூடப்பிறந்தவர்களையே சூனியக்காரியிடம் காட்டிக்கொடுத்த எட்மண்டுக்காகச் சிங்கம் உயிரையே கொடுத்த கதை இது. சந்தேகப்பட்டதற்காக ஒருத்தியை வெளியே தள்ளும் உலகம் அல்ல.

அப்படியானால் சூசனுக்கு என்ன ஆயிற்று?

அதே இரண்டாம் புத்தகத்தின் தொடக்கத்தில் நால்வரும் ஒரு பாழடைந்த கோட்டைக்கு வந்து சேர்கிறார்கள். எந்த இடம் என்று தெரியவில்லை. சூசன் கிணற்றடியில் ஒரு பொருளைக் கண்டெடுத்துக் கொண்டுவருகிறாள். சதுரங்கக் குதிரை. சுத்தத் தங்கம், சாதாரண அளவுதான், கை தாழும் கனம். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மாணிக்கம், இன்னொன்று உதிர்ந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கலங்கிவிடுகிறாள். சதுரங்கம் ஆடிய நாட்கள், கடல்மக்களின் பாட்டு, தன்னுடைய குதிரை, எல்லாம் வந்துவிட்டது என்கிறாள். நால்வரில் முதலில் பழசை நினைத்துக் கண் கலங்கியவள் இவள்தான். பின்னாளில் 'சின்ன வயது விளையாட்டு' என்று சொன்னதும் இதே பெண்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று நடக்கிறது. அந்தப் புத்தகத்தின் முடிவில் பீட்டரையும் சூசனையும் அஸ்லான் தனியாக அழைத்துப் போகிறது. உங்களுக்கு வயதாகிவிட்டது, இனி இங்கே வர முடியாது என்று சொல்லிவிடுகிறது. சூசனுக்கு அப்போது 13 வயது. பதினைந்து வருடம் ராணியாக வாழ்ந்து, ஒரு நாள் அலமாரி வழியாகத் திரும்பி விழுந்து மறுபடி பள்ளிச் சிறுமி ஆனவள். அவளிடம் சொல்கிறார்கள், கதவு மூடியாயிற்று என்று. லூசி அண்ணனைப் பார்த்துக் கேட்கிறாள்: உன்னால் தாங்க முடியுமா? பீட்டர், முடியும் என்றுதான் நினைக்கிறேன் என்கிறான். சூசனும் அங்கேயே நிற்கிறாள். அவளிடம் அந்தக் கேள்வி வரவே இல்லை.

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆச்சி வீட்டுப் பின்கட்டில் ஒரு சப்போட்டா மரம் இருந்தது. மூன்று கோடை விடுமுறை அந்த மரத்தடிதான் எங்கள் நாடு. நாட்டுக்குப் பெயர், எல்லை, வரி எல்லாம் அக்கா வைத்ததுதான். புளியங்கொட்டைதான் நாணயம். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கியது பொன், தேய்க்காதது செம்பு. நான்காம் வருடம் அக்கா பெரியவளாகிவிட்டாள். இனிமேல் பின்கட்டுக்குப் போய்ப் பையன்களோடு விளையாடக் கூடாது என்று ஆச்சி சொல்லிவிட்டார். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. நான் புளியங்கொட்டை டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கூப்பிட்டேன். "இன்னுமாடா அதையே கட்டிட்டு அழற? சின்னப் புள்ளைங்க விளையாட்டு" என்றாள். பல வருடம் அந்த வார்த்தைக்காக அவள்மேல் எனக்குக் கோபம். பெரிய மனுஷி ஆகிவிட்ட திமிர் என்று நினைத்தேன். நாற்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது. எனக்கு அந்த மரம் திறந்தே இருந்தது, அதனால் நம்ப முடிந்தது. அவளுக்கு அதை மூடிவிட்டார்கள். மூடிய பிறகும் அதை ஒரு நாடு என்று நினைத்துக்கொண்டிருந்தால் தினமும் அல்லவா அழ வேண்டும்? விளையாட்டு என்று சொல்லிவிட்டால் சாப்பிடலாம், தூங்கலாம், பள்ளிக்கூடம் போகலாம்.

சூசனை நான் அப்படித்தான் படிக்கிறேன். அவளுக்கு நினைவு போகவில்லை. அந்த நினைவை வைத்துக்கொண்டு வாழ அவளுக்கு வழி தெரியவில்லை. நால்வரில் எப்போதும் நடைமுறை பார்க்கிறவள் அவள். அலமாரிக்குள் குளிர்ந்தபோது, இந்தக் கோட்டுகளைப் போட்டுக்கொள்ளலாமே, இவற்றை அலமாரியைவிட்டு வெளியே கொண்டுபோகவா போகிறோம் என்று சொன்னவள். வில்லில் குள்ளனை ஜெயித்துவிட்டு, ஏற்கெனவே தோற்றவனை இன்னொரு தடவை தோற்கடித்தோமே என்று வருந்தியவள். குளிர்ந்தால் கோட்டு எடுத்துப் போட்டுக்கொள்வது அவள் சுபாவம். கிடைத்த உலகத்தை எடுத்து அவள் போர்த்திக்கொண்டாள்.

பீட்டருக்கும் அதேதானே நேர்ந்தது, அவன் மறக்கவில்லையே என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரே வீட்டில் ஒரே சாவுக்கு ஒருவர் அழுகிறார், இன்னொருவர் மறுநாளே வேலைக்குப் போய்விடுகிறார். யாருக்கு வலி குறைவு என்று அதை வைத்துச் சொல்ல முடிந்தால் நானும் பீட்டர் பக்கம் வந்துவிடுகிறேன்.

லூயிஸுக்கும் இது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். 1950இல் வந்த முதல் புத்தகத்தைத் தன் ஞானமகள் லூசி பார்ஃபீல்டுக்குச் சமர்ப்பித்தபோது, புத்தகங்களைவிடச் சிறுமிகள் வேகமாக வளர்ந்துவிடுகிறார்கள், உனக்கு இப்போதே தேவதைக் கதை படிக்கும் வயது தாண்டிவிட்டது, ஆனால் திரும்பத் தேவதைக் கதை படிக்கும் அளவுக்கு ஒரு நாள் வயதாகும் என்று எழுதினார். சூசன் இருப்பது அந்த நடு வயதில். 1957இல் ஒரு சிறுவன் உங்கள் மகளைப் போலவே அவரிடம் கேட்டிருக்கிறான். சூசன் இந்த உலகத்தில் உயிரோடுதான் இருக்கிறாள், அவள் மாற நிறையக் காலம் இருக்கிறது, அவளுக்கே உரிய வழியில் அஸ்லானின் நாட்டுக்கு வந்து சேரலாம் என்று பதில் எழுதினார். 1960இல் இன்னொரு வாசகிக்கு, அந்தக் கதை பெரியவர்களுக்கான நாவல்போல நீண்டுவிடும், என்னால் எழுத முடியாது, நீயே எழுதிப் பாரேன் என்றார்.

உயிரோடு இருக்கிறாள் என்பதை முதலில் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். மற்றவர்கள் அங்கே போனது ஒரு ரயில் விபத்தில் இறந்து. அண்ணன், தம்பி, தங்கை, அப்பா, அம்மா எல்லாரும் ஒரே நாளில். கதை பழ மரங்களைப் பார்த்துப் போய்விடுகிறது. சூசன் இங்கே, இந்தப் பக்கம், தனியாக நிற்கிறாள்.

அப்புறம் அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அந்த மாய மோதிரங்கள் நினைவிருக்கிறதா? மஞ்சளும் பச்சையும். ஆறாவது புத்தகத்தில் ஒரு லண்டன் வீட்டுத் தோட்டத்தில் புதைத்து வைத்தார்களே, அவைதான். விபத்துக்கு முந்தின நாள் பீட்டரும் எட்மண்டும் வேலையாட்கள்போல உடுத்திக்கொண்டு போய் அவற்றைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். பிளாட்பாரத்தில் அவர்கள் நின்றது அந்த மோதிரங்களை யூஸ்டஸிடமும் ஜில்லிடமும் கொடுக்கத்தான். அப்போதுதான் ரயில் வந்து மோதியது. மோதிரங்கள் அதன் பிறகு என்ன ஆயின என்று லூயிஸ் எழுதவில்லை. இறந்தவர்கள் சட்டைப்பையில் இருந்ததை உறவினரிடம்தான் ஒப்படைப்பார்கள். அந்த வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஒருத்தி. கடைசிப் புத்தகத்தோடு நார்னியா முடிந்துவிட்டது, சரி. ஆனால் மஞ்சள் மோதிரம் நார்னியாவுக்கு நேராகக் கொண்டுபோவதில்லை. உலகங்களுக்கு நடுவே, குளங்கள் நிறைந்த ஒரு காட்டுக்குத்தான் கொண்டுபோகும். அந்தக் காடு அழிந்ததாக எங்கேயும் இல்லை.

ஒரு பழுப்பு உறை, அதற்குள் அண்ணனின் கடிகாரம், கொஞ்சம் சில்லறை, சின்னதாக ஏதோ மடித்த காகிதம். சூசன் அதைப் பிரிக்கிறாள். மோதிரம் தோலில் பட்டால் போதும்.

மீதியை உங்கள் மகள் எழுதட்டும். எழுதினால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்.