வாசகர் கேள்வி பதில்: கோடை விடுமுறையில் பிள்ளைகளின் கைவேலை

கேள்வி: என் பிள்ளைகளுக்கு ஏழு வயதும் பத்து வயதும் ஆகிறது. லீவு விட்டதிலிருந்து கையில் போன்தான். கடையில் கைவேலைப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன், அரை மணி நேரத்தில் ஒட்டி முடித்துவிட்டு மறுபடி போனுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இருப்பதை வைத்து என்ன செய்யச் சொல்லலாம்? (விருதுநகர் வாசகி)

பதில்: அந்தப் பெட்டிகளில் எல்லாமே முன்கூட்டியே வெட்டி, துளை போட்டு வந்துவிடும். பிள்ளை யோசிப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது, அதனால்தான் சீக்கிரம் அலுத்துப்போகிறது. ஓடுகிற பொருள் ஒன்றில் ஆரம்பித்துப் பாருங்கள், அது சரியாக ஓடும்வரை விடமாட்டார்கள்.

இப்போது நுங்கு சீசன். தின்று முடித்த நுங்குக் காய் இரண்டை எடுத்து, நடுவில் ஒரு குட்டைக் குச்சியைச் செருகினால் சக்கரமும் அச்சும் தயார். நுனியில் கவட்டை உள்ள நீளமான கம்பு ஒன்றை அச்சின் மேல் வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. துளை போடுவது மட்டும் பெரியவர் வேலை. சில நாளில் காய் வாடிச் சுருங்கிவிடும், அப்புறம் இன்னொரு முறை நுங்கு வாங்க வேண்டியதுதான்.

நுங்கு கிடைக்காத இடமென்றால் நான்கு பாட்டில் மூடி, இரண்டு ஈர்க்குச்சி, ஒரு அட்டைப்பெட்டி, ஒரு ஸ்ட்ரா போதும். ஸ்ட்ராவை இரண்டாக வெட்டிப் பெட்டியின் அடியில் ஒட்டி, அதற்குள் ஈர்க்குச்சியை விட்டு, முனைகளில் மூடிகளை இறுக்கமாகச் செருக வேண்டும். குச்சி ஸ்ட்ராவுக்குள் தாராளமாகச் சுற்ற வேண்டும், வண்டி ஓடுவதும் ஓடாததும் அதில்தான் இருக்கிறது. ஏன் ஓடவில்லை என்பதை உடனே சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். குனிந்து பார்த்து, சக்கரம் எங்கே உரசுகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும், ஒரு முழு மதியம் போனாலும் போகட்டும்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் பசை பாட்டில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. வீட்டிலேயே செய்ய முடியுமா? (சேலம் வாசகர்)

பதில்: முடியும். ஒரு ஸ்பூன் மைதாவை ஐந்தாறு ஸ்பூன் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள், வெண்மை குறைந்து கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி ஆறவிடுங்கள். சுவரொட்டி ஒட்டவும் பட்டம் ஒட்டவும் காலங்காலமாகப் பயன்பட்ட பசை இது. ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்க்கச் சொல்லிச் சிலர் யோசனை தருவார்கள். அது விஷம், பிள்ளைகள் தொடும் பசையில் கண்டிப்பாக வேண்டாம்.

கேள்வி: பழைய செய்தித்தாள் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. எடைக்குப் போடுவதற்கு முன் பிள்ளைகளை வைத்து ஏதாவது செய்யலாமா? எங்கள் பாட்டி வீட்டில் காகிதத்தில் செய்த கூடை இருந்தது, எப்படிச் செய்தார்கள் என்று கேட்காமலே விட்டுவிட்டோம். (மதுரை வாசகி)

பதில்: இந்தக் கேள்வியைப் படித்ததும் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. முறமும் கூடையும் போல இந்தக் காகிதக்கூழ்க் கூடையும் ஒரு காலத்தில் பல வீடுகளில் இருந்தது. கோடை வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியாது, ஏனென்றால் பாதி வேலையை வெயில்தான் செய்கிறது.

செய்தித்தாளை விரல் நகம் அளவுக்குக் கிழித்து ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். கிழிக்கும் வேலை முழுக்கப் பிள்ளைகளுடையது, அதில் சண்டையே வராது. இரண்டு மூன்று நாள் ஊறட்டும், தினமும் தண்ணீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நாறும். கடைசி நாள் இரவு ஒரு கைப்பிடி வெந்தயத்தைத் தனியாக ஊறப்போடுங்கள். மறுநாள் காகிதத்தையும் வெந்தயத்தையும் சேர்த்து அரைக்க வேண்டும். ஆட்டுக்கல் இருந்தால் மிக நல்லது. மிக்ஸி என்றால் கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீர் தாராளமாக விட்டு அரைத்து, துணியில் வடிகட்டிப் பிழியுங்கள், கெட்டியாகப் போட்டு அரைத்தால் மோட்டார் சூடேறிவிடும். வெந்தயத்தின் கொழகொழப்புதான் இங்கே பசை. அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்று பாட்டிகள் சொல்வார்கள்.

அப்புறம் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, மேலே ஈரத்துணி போர்த்தி, கூழைச் சப்பாத்தி மாவு போலக் கையால் அப்புங்கள். அரை விரல் கனம் இருக்கட்டும், கையைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுத் தடவினால் மழமழவென்று வரும். ஓரம் மெல்லியதாக இருந்தால் அங்கேதான் முதலில் விரிசல் விடும். வெயிலில் வைத்து, பாதி காய்ந்ததும் கிண்ணத்திலிருந்து மெதுவாகக் கழற்றி, உட்புறமும் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் தட்டினால் டொக்டொக்கென்று சத்தம் வரும். மைதாப் பசையில் வெள்ளைக் காகிதம் ஒட்டி, அதன்மேல் பிள்ளைகள் படம் வரையட்டும். பூண்டு, வெங்காயம், பென்சில், கலர் பென்சில் எதையும் போட்டு வைக்கலாம், தண்ணீர் பட்டால் மட்டும் ஊறிவிடும். உங்கள் ஊரில் இதைச் செய்யத் தெரிந்த மூதாட்டி யாராவது இருந்தால், பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். நான் இங்கே எழுதியதைவிட அவர் கை சொல்லிக் கொடுப்பது அதிகம்.

கேள்வி: பெங்களூரிலிருந்து பேரன் வருகிறான். ஒன்பது வயது, எல்லாவற்றுக்கும் ஏன் ஏன் என்று கேட்பான். நான் ஓய்வுபெற்றவன், நேரம் நிறைய இருக்கிறது. (கும்பகோணம் வாசகர்)

பதில்: ஐயா, உங்கள் பேரன் கொடுத்து வைத்தவன். முதலில் மஞ்சள் காகிதம் செய்யுங்கள். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துக் காகிதத்தில் பூசிக் காயவைத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த குச்சியால் எழுதச் சொல்லுங்கள். எழுத்து சிவப்பாகத் தெரியும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு தொட்டு வைத்தால் மறுபடி மஞ்சள். ஏன் என்று கேட்பான். வீட்டில் ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பதும் இதே காரணத்தால்தான்: சோப்பும் சுண்ணாம்பும் காரம், எலுமிச்சை அமிலம், மஞ்சள் இரண்டுக்கும் வேறு வேறு நிறம் காட்டும். வேலியில் சங்குப்பூ இருந்தால் வெந்நீரில் போட்டு நீல மை எடுத்து, அதிலும் எலுமிச்சை விட்டுப் பாருங்கள். ஊதாவாகும், சாறு கூடினால் இளஞ்சிவப்பு வரை போகும்.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை உங்கள் பக்கத்தில் எல்லாரும் பார்த்திருப்பார்கள், அது ஏன் விழுவதில்லை என்பதை ஒரு முட்டை ஓட்டில் காட்டிவிடலாம். முட்டையின் கூர்முனையில் சிறு ஓட்டை போட்டு உள்ளே இருப்பதை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். பொடிக் கற்கள் கொஞ்சம் போட்டு, உருக்கிய மெழுகை நீங்களே ஊற்றி, நிமிர்த்தி வைத்து இறுகவிடுங்கள். மேலே காகிதக் குல்லா, கண், மீசை எல்லாம் பேரன் வேலை. குல்லா கனமாக இருந்தால் பொம்மை சாய்ந்துவிடும், அடியில் கனம், மேலே லேசு என்பது அப்போது தானாகப் புரியும். முட்டை புழங்காத வீடென்றால் பிளாஸ்டிக் பந்தைப் பாதியாக வெட்டிக்கொண்டு, மெழுகுக்குப் பதில் களிமண் வைக்கலாம்.

அரவிந்த் குப்தா என்ற பொம்மைக்காரரைப் பற்றியும் அவனிடம் சொல்லுங்கள். ஐஐடி கான்பூரில் படித்த பொறியாளர், தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் சேர்த்து முக்கோணம், சதுரம் என்று வடிவங்கள் கட்டிக் கணிதம் சொல்லித் தந்தவர், 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். குப்பையில் போகிற பொருளிலிருந்து அவர் செய்த பொம்மைகளுக்கு அளவே இல்லை.

கேள்வி: மூன்று வயதுக் குழந்தைக்கு? (திருச்சி வாசகி)

பதில்: சப்பாத்தி மாவு உருண்டை போதும். மணி, பொத்தான், புளியங்கொட்டை போன்ற சிறியவை எதுவும் கைக்கு எட்ட வேண்டாம், வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்வார்கள்.

கேள்வி: மகள் செய்த பொருட்கள் வீடு முழுக்கச் சேர்கின்றன. அவள் தூங்கும்போது சிலதைத் தூக்கிப் போட்டேன், மறுநாள் அழுது தீர்த்துவிட்டாள். (கோவை வாசகி)

பதில்: அவளைக் கேட்காமல் போடாதீர்கள் அம்மா, அது அவள் உழைப்பு. ஒரு பெரிய அட்டைப்பெட்டியை அவளுக்கென்றே கொடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் தேதியை எழுதி வைக்கச் சொல்லுங்கள். பெட்டி நிறைந்ததும் எது இருக்கட்டும், எதைப் பிரித்து அட்டையையும் மூடியையும் அடுத்த வேலைக்கு எடுக்கலாம் என்று அவளே சொல்லட்டும்.